எந்த சென்டர்ல ஆயா?

10 ஜூன் 2025, செவ்வாய்

நேற்று துரைக்கண்ணுவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. 'உப்பளத்து மருமகள்' தொடருக்குக் கதை எழுதுகிறவர்கள் மூளையை வாடகைக்கு விட்டுவிட்டார்கள் போல. அந்த மருமகள் மல்லிகா முதல் எபிசோடிலிருந்து அழுததைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை. உப்பளத்தில் ஒழுங்காக வேலை பார்த்தது துரைக்கண்ணு ஒருத்தன்தான். அவன் வில்லனாம், இவள் கதாநாயகியாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சோறு போட்டேன். இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா, யாராவது செத்துட்டாங்களா?"

"துரைக்கண்ணுவ அரெஸ்ட் பண்ணிட்டாங்க."

"எந்தத் துரைக்கண்ணு? நம்ம கடைக்கு எதிர்ல சைக்கிள் ஸ்டாண்டு வெச்சிருக்கிறவனா?"

இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன். காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை வருகிறவளுக்கெல்லாம் சேலை விரித்துக் காட்டி, மறுபடி மடித்து வைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் தன் லுங்கியைக்கூட மடிக்க மாட்டார்.

உள்ளே ஏசி ரூமிலிருந்து சத்யா குரல் கொடுத்தாள். பிரசவத்துக்கு வந்திருக்கிற என் பெண். "மா, நாப்பத்தி நாலு வயசுல வில்லனுக்கு ஃபேன் பேஜ் வெச்சிக்கினு இருக்கே. லோகேஷ் ஃப்ரெண்ட்ஸ் யாராவது பாத்தா எனக்குத்தான் அசிங்கம்."

மாப்பிள்ளை லோகேஷின் ஃப்ரெண்ட்ஸுக்கு ரசனை இருந்தால் அவர்களும் சேரட்டும்.

14 ஜூன்

அத்தியாயம் ஒன்பது போட்டுவிட்டேன். 'துரைக்கண்ணு சொல்லாதது', நானும் சந்தியாவும் மாற்றி மாற்றி எழுதுகிற கதை. தொடரில் அவனுக்குச் செய்த அநியாயத்தை எல்லாம் இதில் நேர் பண்ணுகிறோம். ஒரு அத்தியாயம் நான், அடுத்தது அவள். முன்கூட்டியே பேசிக்கொள்ளக் கூடாது என்பது ஒப்பந்தம். அவள் எங்கே விட்டாளோ அங்கேயிருந்து நான் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

சந்தியா தூத்துக்குடி. ஜெராக்ஸ் கடையில் வேலை. நேரில் பார்த்ததில்லை. போன வருஷம் நான் தனியாக எழுதிய முதல் கதையில், ஐப்பசி மாச மழையில் உப்பு வாருகிற மாதிரி ஒரு காட்சி வைத்திருந்தேன். எல்லாரும் 'அருமை சகோ', 'கண்ணீர் வந்தது சகோ' என்று போட்டிருந்தார்கள். இவள் மட்டும், 'எக்கா, மழையில உப்பு எப்படி வாருவாவ? கரைஞ்சுல்லா போயிரும்' என்று கேட்டாள்.

அரை நாள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் சேர்ந்து எழுதலாமா என்று கேட்டேன். படித்துப் பார்த்துக் கருத்து சொல்கிற ஒரே ஜீவன் அவள்தானே. மற்றவர்கள் எல்லாம் பூங்கொத்துப் படம் போடுகிற கூட்டம். அதிலும் என் பேர் தையல்நாயகி என்பதால், பிளவுஸுக்கு எவ்வளவு துணி ஆகும் என்று கேட்பவர்கள் வேறு.

24 ஜூன்

பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். மூக்கு எங்கள் பக்கம். நல்ல வேளை.

9 ஜூலை

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. குழந்தை, பத்தியச் சாப்பாடு, வருகிறவர்களுக்குக் காபி. இன்றைக்குத்தான் மத்தியானம் போனைக் கையில் எடுத்தேன்.

'எங்கக்கா போனீய? உங்க முறைதானே' என்று சந்தியா நாலு தடவை கேட்டிருந்தாள்.

நான் ஆயா ஆகிவிட்டேன், அதான் நேரம் இல்லை என்று எழுதினேன்.

'வாழ்த்துகள்க்கா. சொல்லவே இல்லையே. எந்த சென்டர்ல?'

பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்கிறாள். வீட்டுக்குப் பக்கத்தில்தான், நடந்தே போய் வரலாம் என்றேன்.

'ரொம்ப நல்லது. அலைச்சல் இல்ல. எத்தன பிள்ளைய?'

ஒன்றுதான் என்றேன். எத்தனை எதிர்பார்த்தாள்?

'ஒரு பிள்ளைக்கு ஒரு ஆயாவா? கொடுத்து வச்சவிய.'

இன்னொரு ஆயாவும் இருக்கிறாள், முட்டி வலி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்று எழுதினேன். சம்பந்தி பட்டம்மாளைச் சொன்னேன்.

'எல்லா இடத்துலயும் அப்பிடித்தான்க்கா. ஒருத்தி செய்வா, ஒருத்தி உக்காந்திருப்பா. இது நிரந்தரமா?'

ஆயா ஆன பிறகு யார் மாற்ற முடியும், நிரந்தரம்தான் என்றேன்.

'அது எல்லாருக்கும் லேசில கிடைக்காதுக்கா' என்று கும்பிடுகிற கை ஒன்று போட்டாள்.

இந்தப் பெண்ணுக்கு எழுத வரும். பேசத்தான் வராது.

21 ஜூலை

பட்டம்மாள் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு டஜன் வாழைப்பழம். குழந்தையை மடியில் வைத்தோம். அது நனைத்ததும், "சம்பந்தி, கொழந்த உங்கள தேடுது பாருங்க" என்று என் பக்கம் நீட்டினாள். நனைத்த குழந்தை மட்டும் என்னைத் தேடும். சிரிக்கிற குழந்தை அவளைத் தேடும்.

போகும்போது, ஒரகடத்தில் மாப்பிள்ளையோடு குடித்தனம் இருக்கிற சத்யாவிடம் சொன்னாள்: "எனக்கு முட்டி மட்டும் நல்லா இருந்துதுன்னு வெச்சிக்கோ, ஒரகடத்துக்கு நானே வந்து உக்காந்துக்குவேன்மா. உங்க அம்மாதான் சும்மா இருக்காங்களே."

சும்மா. நான் சும்மா இருக்கிறேன்.

2 ஆகஸ்ட்

சந்தியா இரண்டு வாரமாக என்னிடம் பேசுகிற விதமே மாறிவிட்டது. 'நேரம் கிடைக்கும்போது எழுதுங்கக்கா, உங்க வேலை எப்பேர்ப்பட்ட வேலைன்னு எனக்குத் தெரியும்' என்கிறாள். 'காலுக்குத் தைலம் போடுங்க' என்கிறாள். என் அத்தியாயத்தில் பிழையே சொல்வதில்லை. எனக்கு அவள் பிழை சொன்னால்தான் பிடிக்கும். பூங்கொத்துக் கூட்டத்தில் இவளும் சேர்ந்துவிட்டாளா?

15 ஆகஸ்ட்

சமையலை அப்படியே போட்டுட்டு எழுதுறேன்.

'துரை அண்ணன் படை' வாட்ஸ்அப் குழுவில் காலையில் சந்தியா ஒரு பதிவு போட்டிருக்கிறாள். சுதந்திர தினத்துக்கு நம்மிடையே இருக்கும் ஒரு எளிய மனுஷிக்குச் சல்யூட்டாம். 'நம்ம தையல் அக்கா ஒரு அங்கன்வாடி ஆயா. பகல் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்கு சிந்தி, கால் கழுவி விட்டுட்டு, அந்த அலுப்போடதான் இவ்வளவு அழகா எழுதுறாங்க.'

அதுக்குக் கீழே ஒரே கண்ணீர், கும்பிடு. 'எந்தத் தொழிலும் இழிவில்லை அக்கா.' 'ஏழ்மையிலும் எழுத்து.' ஒருத்தி பழைய சேலை அனுப்பட்டுமான்னு கேக்குறா. காஞ்சிபுரத்துக்குப் பழைய சேலை.

அப்பத்தான் எல்லாம் புரிஞ்சுது. எந்த சென்டர், எத்தன பிள்ளைய, நிரந்தரமா. கடவுளே.

வாய்ஸ் நோட் போட்டேன். குழுவிலேயே போட்டேன். "யாரு ஆயா? நான் யாருன்னு தெரியுமா உனக்கு? எங்க வீட்டுக்காரரு பட்டுக்கடையில இருக்காரு. எம் பொண்ணு எம்பிஏ. ஊரான் பிள்ளைக்கு மூக்கு சிந்தி பீ கழுவணும்னு எனக்கு இன்னா தலையெழுத்து? என்னப் பாத்தா ஆயா மாதிரியா இருக்குது? எங்க ஊர்ல ஆயான்னா பாட்டி. பேத்தி பொறந்திருக்குது எனக்கு. இதுகூட தெரியாம எழுத வந்துட்டா."

நல்லா கேட்டேன். கேக்க வேண்டியதுதானே?

15 ஆகஸ்ட், சாயங்காலம்

குழுவில் அட்மின் ஆனந்தராஜ் மட்டும், 'எங்கள் அரக்கோணத்திலும் ஆயா என்றால் பாட்டிதான் சகோதரி' என்று ஒரு ரோஜாப்பூ வைத்தார். குட்மார்னிங் படம் போடுவதையே கலைச்சேவை என்று நினைக்கிற ஆள். அவர் சாட்சி எனக்குத் தேவையா?

சந்தியா என் வாய்ஸ் நோட்டைக் கேட்டுவிட்டாள். நீலக் குறி வந்துவிட்டது. பதில் இல்லை. அவள் பதிவையும் அழித்துவிட்டாள்.

22 ஆகஸ்ட்

அவள் முறை. அத்தியாயம் வரவில்லை. வாசகர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

27 ஆகஸ்ட்

ஆனந்தராஜ் தனியாக மெசேஜ் அனுப்பினார். பூ இல்லாமல், படம் இல்லாமல். அதிலேயே எனக்குப் பயம் வந்தது.

'சகோதரி, தவறாக எண்ண வேண்டாம். சந்தியாவின் அம்மா அங்கன்வாடியில் ஆயாவாக இருக்கிறார். அப்பா இல்லை. அந்த வேலையில்தான் இவளைப் படிக்க வைத்தார். நீங்களும் அதே வேலை என்றதும் அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். அம்மாவிடம் உங்கள் கதையை எல்லாம் வாசித்துக் காட்டுவாளாம். அந்த வாய்ஸ் நோட்டையும் அம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான் போட்டுக் கேட்டிருக்கிறாள்.'

எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னார்களா? 'அம்மை வேலைக்குப் போறாவ' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். டீச்சர் வேலைக்குப் போகிறாளா, மில்லுக்குப் போகிறாளா என்று நான் கேட்டதில்லை. கேட்காதது என் தப்பா? எல்லாருடைய அம்மாவும் இன்னா பண்றாங்கன்னு கேட்டுக்கினா பேச முடியும்?

குழந்தை எழுந்துவிட்டது.

27 ஆகஸ்ட், மறுபடி

கழுவிவிட்டு வந்தேன். கையில் டெட்டால் வாசனை. எழுதுகிற பேனாவிலும்.

5 செப்டம்பர்

மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அடித்தேன். படித்துப் பார்த்தேன். மல்லிகா பேசுகிற வசனம் மாதிரி இருந்தது. அழித்தேன். இன்னொன்று அடித்தேன். அதில் 'ஆனால்' என்று ஒரு வார்த்தை மூன்று இடத்தில் வந்தது. அதையும் அழித்தேன்.

கடைசியில் அனுப்பியது: 'அத்தியாயம் பதினாலு உன் முறை.'

எனக்கே என் மேல் காறித் துப்பலாம் போல இருந்தது. சரி, அனுப்பியாகிவிட்டது.

18 செப்டம்பர்

பதில் இல்லை.

இன்று மத்தியானம் சாப்பாட்டில் சத்யா பேச்சை எடுத்தாள். மாப்பிள்ளையும் வந்திருந்தார்.

"மா, டிசம்பர்ல லீவ் முடியுது. நீ எங்கூட ஒரகடம் வந்துடு."

"எவ்ளோ நாளைக்கி?"

"பாப்பா ஸ்கூல் போற வரைக்கும்தான்."

"ஸ்கூலுக்கு மூணு வருஷம் இருக்குதேடி."

"ஆமா. நீ சும்மாதானேமா இருக்கே. இங்க போனைத் தேய்க்கிறத அங்க வந்து தேய். வைஃபை இருக்குது."

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, "அத்தை வந்தா டிஃபனும் பிரச்சினை இல்ல" என்றார். டிஃபன். இதையும் அவர் பேரில் கணக்கு எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இவரைப் பார்த்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு போனால் தனியாகக் கிடப்பாரே, ஏதாவது சொல்வார் என்று. "போய்ட்டு வா தையலு. நான் கடையிலயே சாப்டுக்குவேன்" என்று மோரை ஊற்றிக்கொண்டார். ஒரு சேலையை வாடிக்கையாளர் கையில் கொடுக்கிற அதே முகம்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. சொன்னார்கள்.

20 செப்டம்பர்

இரண்டு நாளாக ஒரே யோசனை. எந்த நேரமும் ஒரு குழந்தை. எழுந்ததிலிருந்து படுக்கிற வரை. சனி ஞாயிறும் சேர்த்து. ஏனென்றால் சனி ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு வேண்டும்.

சந்தியாவின் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. கவர்மென்ட் லீவு உண்டு. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் யாரும் கேட்க முடியாது.

நான் எதைச் சொல்லிக் கத்தினேன் அன்றைக்கு? என்னைப் பார்த்தால் ஆயா மாதிரியா இருக்கிறது என்று. அந்த ஆயாவுக்கு இருக்கிற லீவுகூட இந்த ஆயாவுக்கு இல்லை. அவள் கேட்டாளே, நிரந்தரமா என்று.

சே. எழுதவே பிடிக்கவில்லை.

11 அக்டோபர்

அத்தியாயம் பதினாலு வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நேராகப் போட்டுவிட்டாள்.

புதுசாக ஒரு கேரக்டர். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்கு ஒரு கிழவி வருகிறாள். வடக்கே பட்டு ஊரிலிருந்து வந்தவளாம். எழுபது வயசாம். கன்னம் ஒட்டி, பட்டுச் சேலை கட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாள். பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திக்கொண்டிருக்கிற ஆயாவிடம், 'நான் யாருன்னு தெரியுமா உனக்கு?' என்று கேட்கிறாள். அந்த ஆயா பிள்ளைகளுக்கெல்லாம் சிந்தி முடித்துவிட்டு, அதே துணியோடு வந்து கிழவியின் மூக்கையும் பிடித்து, 'ம், சிந்துங்க' என்கிறாள்.

அத்தோடு அத்தியாயம் முடிகிறது.

வாசகர்கள் கொண்டாடுகிறார்கள். 'செம கிழவி', 'இந்தக் கிழவிக்கு நல்லா வேணும்', 'அடுத்த அத்தியாயத்தில் கிழவி உப்பில் வழுக்கி விழ வேண்டும்.'

முதலில், எனக்கு நாற்பத்தி நாலு. எழுபது இல்லை. இரண்டாவது, கன்னம் ஒட்டவில்லை. மூன்றாவது, 'கொட்டகை'யை ஒரு இடத்தில் 'கொட்டைகை' என்று எழுதியிருக்கிறாள்.

நாலாவது, இதுவரை எழுதியதிலேயே இதுதான் நல்ல அத்தியாயம். நாசமாப் போறவ.

19 அக்டோபர்

என் முறை. கிழவி என் கையில் இருக்கிறாள். என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

முதலில் எழுதியது: கிழவியின் பக்கம்தான் நியாயம் என்று எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு பக்கம் ஓடியது. எனக்கே கொட்டாவி வந்தது.

அடுத்தது: கிழவி ஆயாவின் காலில் விழுந்து கதறுகிறாள், இடி இடிக்கிறது. இதைத்தானே ஒரு வருஷத்துக்கு மேலாகத் தொடரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். கிழித்தேன்.

சத்யா வந்து, "மா, பாப்பாவுக்கு வயிறு சரியில்ல, மூணாவது தடவ போயிட்டா, வா" என்றாள். அவள் கையில் போன். மேட்சிங் வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2 நவம்பர்

எழுதிவிட்டேன். போட்டும்விட்டேன்.

மறுநாள் ஆயாவுக்குக் காய்ச்சல். கொட்டகையில் பிள்ளைகள் கத்துகின்றன. அம்மாக்கள் எல்லாம் உப்புப் பாத்தியில் வேலையாக நிற்கிறார்கள். துரைக்கண்ணு வந்து பார்க்கிறான், வேறு ஆள் இல்லை. வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிற கிழவியைப் பார்த்து, 'உள்ளே வா' என்கிறான். அவள் 'நான் யாருன்னு தெரியுமா' என்று ஆரம்பிக்கிறாள். 'தெரியாது. இந்தப் பிள்ளைக்குக் கால் கழுவணும்' என்கிறான். கழுவுகிறாள். சோறு ஊட்டுகிறாள். ஒன்று துப்புகிறது, ஒன்று கடிக்கிறது, ஒன்று அவள் பட்டுச் சேலை முந்தானையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுகிறது. கிழவி யாரையும் கொஞ்சவில்லை. ஒருத்திக்கும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. திட்டிக்கொண்டேதான் செய்கிறாள். கடைசியில் தண்ணி எடுத்துப் போகிற பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறாள்:

'ஏம்மா, இங்க மணி எப்போ அடிக்கும்?'

அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. படிக்கத் தெரிந்தவளுக்குப் புரியும்.

3 நவம்பர்

'அருமை சகோ', 'நெகிழ்ச்சி சகோ.' பூங்கொத்து, பூங்கொத்து, பூங்கொத்து. அவளைத் தவிர எல்லாரும்.

9 நவம்பர்

சந்தியா.

'எங்கம்மைக்குப் படிச்சுக் காட்டுனேன்க்கா. மொதல்ல கேக்க மாட்டேன்னுட்டாவ. பெறவு கேட்டாவ. நாலு மணிக்கு அடிக்கும்னு சொல்லச் சொன்னாவ.'

அடுத்த வரி: 'சோறு ஊட்டும்போது பிள்ளைய மடியில படுக்க வச்சு ஊட்டுதியளே, பொறையேறும். உக்கார வச்சுல்லா ஊட்டணும். அம்மை சொன்னாவ.'

பிழை சொல்லிவிட்டாள். பிழை சொல்லிவிட்டாள் அவள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சத்யா வந்து, "மா, இன்னா ஆச்சு, யாராவது செத்துட்டாங்களா" என்றாள். அப்பனுக்குப் பிறந்தவள்.

23 நவம்பர், ஞாயிறு

கார்த்திகை ஞாயிறு. கச்சபேஸ்வரர் கோயிலில் நிற்க இடம் இல்லை. மண்சட்டியில் மாவிளக்கு வைத்துத் தலையில் சுமந்துகொண்டு கோயிலைச் சுற்றுகிறவர்கள் கூட்டம். நான் அர்ச்சனைக்கு வரிசையில் நின்றேன். சுற்றுகிற கூட்டத்தில் ஒரு மஞ்சள் சேலை, தலையில் சட்டி, விளக்கு எரிய எரிய விறுவிறு என்று போகிறது. பின்னால் வருகிற காலேஜ் பெண்ணால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

பட்டம்மாள்.

ஒரு சுற்று வந்தாள். அடுத்த சுற்றும் வந்தாள். நான் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது சுற்றில் என்னைப் பார்த்துவிட்டாள். சட்டியை வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது, உட்காரவும் முடியாது.

"சம்பந்தி, முட்டி எப்பிடி இருக்குது?" என்றேன்.

"சாமி காரியம் சம்பந்தி. அவருதான் நடக்க வெக்கிறாரு" என்றாள்.

"நல்லா நடக்க வெக்கிறாரு. அப்படியே ஒரகடம் வரைக்கும் நடக்க வெக்கச் சொல்லி வேண்டிக்கோங்க."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்குப் பசிக்கவே இல்லை, அவ்வளவு நிறைவு.

30 நவம்பர்

எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். இவர், சத்யா, மாப்பிள்ளை, பட்டம்மாள். குழந்தை என் மடியில்.

"ஒரகடம் வரேன். ஆயாவா வரேன்" என்றேன்.

"நீ ஆயாதானேமா" என்றாள் சத்யா.

"அந்த ஆயா இல்லடி. தெக்கத்தி ஆயா. காலையில நீங்க கெளம்பினதும் என் வேல ஆரம்பிக்கும். மாப்பிள்ள மொத ஷிப்ட் முடிஞ்சு நாலு மணிக்கு வந்துடுறாரு இல்ல? நாலு மணிக்கு என் வேல முடிஞ்சுது. அப்புறம் கொழந்த அவருது. என் ரூம் கதவு சாத்திக்கும். சனிக்கெழம காலையில பஸ் ஏறி இங்க வந்துடுவேன். சனி ஞாயிறு சம்பந்தி அம்மா பாத்துக்குவாங்க. அவங்களுக்குதான் இப்போ முட்டி சரியாயிடுச்சே, சாமி புண்ணியத்துல."

பட்டம்மாள் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். மூடிக்கொண்டாள்.

"சொந்தப் பேத்திக்கு ஷிப்ட் போடுறியா?" என்றார் இவர்.

"நீ சொந்தக் கடையா வெச்சிருக்கே? உனக்கு ஷிப்ட் இல்ல?"

சத்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாட்டின்னா இப்பிடியாமா இருப்பாங்க? ஊர்ல எல்லா பாட்டியும் ஆசையா பாத்துக்கலையா? உனக்கு அந்த ஃபோன்ல இருக்கிற யாரோ முக்கியம். நாங்க முக்கியம் இல்ல."

என் பெண் அழுதால் எனக்கும் ஆகாது. மடியில் இருந்தது என் சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. இதன் மேல் எனக்கு ஆசை இல்லையாம்.

"ஆசையா பாத்துக்குவேன். நாலு மணி வரைக்கும்" என்றேன்.

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாலேகால் வெச்சிக்கலாமா அத்தை? பஸ் சில நாள் லேட்டாவும்" என்றார். இந்த வீட்டில் அவர் ஒருத்தருக்குத்தான் நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. டிஃபனை அவர் பேரில் எழுதி வைத்திருந்ததை அரைவாசி அடித்துவிடுகிறேன்.

8 டிசம்பர்

ஒரகடம். நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் லாரி. எதிர்வீட்டுக்காரி வந்து, "ஆன்ட்டி, நீங்க சர்வன்ட்டா, ரிலேட்டிவா?" என்று கேட்டாள். ஆயா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். எதைப் புரிந்துகொண்டாளோ. எனக்கு அக்கறை இல்லை.

22 டிசம்பர்

சத்யா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. 'பால் எடுத்து வெச்சிருக்கேன்', 'மருந்து ரெண்டு சொட்டு' என்று மட்டும். சனிக்கிழமை நான் பஸ் ஏறும்போது ஜன்னலில் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கை ஆட்டியது குழந்தை மட்டும். அவள் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிவிட்டாள்.

உட்கார வைத்துத்தான் ஊட்டுகிறேன். பொறையேறவில்லை.

6 ஜனவரி 2026

அத்தியாயம் பதினெட்டில் சந்தியா கிழவியை உப்பு லாரியில் ஏற்றி எங்கேயோ அனுப்பிவிட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. கீழே தனியாக ஒரு வரி: 'அக்கா, கிழவிய கொன்னுராதீய. அம்மைக்கு அவளப் பிடிச்சிப் போச்சு.'

எனக்கு அந்தக் கிழவியைப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் லாரியிலிருந்து இறக்க வேண்டும். எங்கே இறக்குவது என்று காலையிலிருந்து யோசனை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, தூங்க வைக்கும்போது, அதே யோசனை. தூங்குகிற வரை அதனிடமே கதையைச் சொன்னேன். நல்ல வாசகி. பூங்கொத்துப் போடுவதில்லை, பிடிக்காவிட்டால் அழுகிறது.

நாலேகாலுக்கு மாப்பிள்ளை வந்தார். கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் வரி எழுதிவிட்டேன். இரண்டாவது வரி வருகிறது.

வெளியே குழந்தை வீறிடுகிறது. கதவைத் தட்டுகிறார். "அத்தை, டயபர் எங்க இருக்குது?"

"ஆயா வீட்டுக்குப் போயிட்டாங்க மாப்பிள்ள" என்றேன்.

அப்புறம் அலமாரியைத் திறந்து தேடுகிற சத்தம் கேட்கிறது.